டீச்சரின் இடது கை

தம்பி,

நீ மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். ஜிப்பை இழுக்கிற சத்தம் கீழே கேட்கிறது. நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். படியேறி வந்து பேசினால் என்ன என்று நீ கேட்கலாம். போன ஐப்பசியிலிருந்து பேசிப் பார்த்தாகிவிட்டது. நான் வாயைத் திறந்தால் நீ கைப்பேசியை எடுக்கிறாய். நீ வாயைத் திறந்தால் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார். எழுத்தில் ஒரு வசதி, யாரும் குறுக்கே பேச முடியாது. மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு நடத்தியே தலை நரைத்தவள் நான். என் வகுப்பில் யாரும் குறுக்கே பேசியதில்லை என்பது உனக்கே தெரியும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு பெற்ற தாயை 'மேடம்' என்று கூப்பிட்டவன்தானே நீ.

முதலில் உன் புது வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு காப்பீட்டு நிறுவனம், குளிரூட்டிய அறை, சனி ஞாயிறு லீவு. மற்ற டாக்டர்கள் செய்கிற ஆபரேஷன்களின் விவரங்களைத் திரையில் பார்த்து, இதற்குப் பணம் கொடுக்கலாம், இதற்கு வேண்டாம் என்று முடிவு சொல்லும் வேலை. மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. யாராவது செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அறுவை சிகிச்சையில் மேல்படிப்பு முடித்தவன், கத்தியைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாத இடமாகத் தேடிப் பிடித்துப் போகிறான் என்றால் அதற்கு ஓடிப்போவது என்றுதான் பெயர். உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "போறவன கட்டிப் போட்டா வச்சிக்க முடியும்?" என்றார். முடியாதுதான். உனக்குப் புதன்கிழமை சாயங்காலம் பஸ். வியாழக்கிழமை காலையில் வேறு ஒரு காரியம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நேரே அதற்கு வர மாட்டேன். வகுப்பிலும் எலும்பில் ஆரம்பித்துத்தான் தோலுக்கு வருவேன், மறந்திருக்க மாட்டாய்.

நடந்ததை ஒரு தடவை வரிசையாகச் சொல்கிறேன். நீ உன் மனதுக்குள் அதைச் சொல்லிச் சொல்லி உருவம் மாற்றி வைத்திருப்பாய். வரிச்சிக்குடி கணக்கு டீச்சருக்கு வலது மார்பில் புற்று. வீட்டுக்காரர் நெல் சாகுபடி செய்கிறார், டீச்சர் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய்வருகிறவர். மார்பையும் அக்குளில் இருக்கிற நிணநீர்க் கட்டிகளையும் எடுக்க வேண்டும். போன ஐப்பசி, உனக்கு அது படிப்பின் கடைசி வருடம். உன் சீஃப், அந்தப் பிரிவின் தலைமை டாக்டர், எதிரில் நின்றுகொண்டு கத்தியை உன்னிடம் கொடுத்தார். அக்குள் சின்ன இடம். கழுத்திலிருந்து கைக்குப் போகிற அத்தனையும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பெரிய தமனி, அதை ஒட்டிப் பெரிய சிரை, சுற்றிலும் நரம்புகள், இடுக்கில் கொழுப்பு, கொழுப்புக்குள் நீ எடுக்க வேண்டிய கட்டிகள். புத்தகத்தில் அந்தத் தமனி அக்குளில் ஆறு கிளை விடும். பிறகு ஒரே குழாயாக மேல்கையில் இறங்கி, முழங்கைக்கு வந்த பிறகுதான் இரண்டாகப் பிரியும். டீச்சருக்கு அது அக்குளிலேயே பிரிந்திருந்தது. இரண்டில் ஒன்று, கைக்கு முக்கியமான நரம்பு ஒன்றின் முன்னால் ஏறி, மேலாக, கொழுப்போடு கொழுப்பாக மெல்லிசாக ஓடியது. மார்புச் சுவருக்குப் போகிற ஏதோ உதிரிக் கிளை என்று நினைத்து நீ அதை வெட்டினாய்.

ரத்தம் பொங்கியது. குழி நிறைந்து உள்ளே ஒன்றும் தெரியாமல் போனது. நீ அந்த ரத்தத்துக்குள் கிளாம்ப்பை விட்டுக் கவ்வ வைத்தாய். குழாயோடு சேர்த்து நரம்பையும் கவ்விவிட்டது. சீஃப் உன் கையைத் தட்டிவிட்டு, விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாவகாசமாகப் பார்த்து, வெட்டுப்பட்ட குழாயைத் தைத்தார். மணிக்கட்டில் நாடி திரும்ப வந்தது. கை பிழைத்தது. கட்டைவிரல் மட்டும் தொய்ந்துபோனது. கணக்கு டீச்சருக்குக் கட்டைவிரல் இல்லையென்றால் சாக்பீஸ் இல்லை. இவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீ என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "நீ வரைஞ்ச படத்துல அது இல்லையேம்மா." நான் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். என் படம் கல்லூரியில் பேர் போன படம். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள், கரும்பலகை முழுக்க ஒரே மூச்சில் வரைவேன். மற்ற பிரிவுப் பிள்ளைகள்கூட ஜன்னல் பக்கம் வந்து நின்று பார்ப்பார்கள். வரைந்து முடித்ததும் கீழே 'பெரும்பாலானவர்களுக்கு' என்று எழுதுவேன். ஒரு வருடமும் எழுதாமல் விட்டதில்லை. நீங்கள் எல்லாரும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனீர்கள். உன்னுடையதை வாங்கிப் பார்த்திருக்கிறேன். படம் அழகாக நடுவில் விழுந்திருந்தது, கீழ் வரி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அதனால் இந்தப் பழியில் எனக்குப் பங்கு கொடுக்க நினைத்தால், வேண்டாம். நீயே முழுசாக வைத்துக்கொள். அம்மாவாக இருந்தால் பாதியை வாங்கிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாய், தெரியும். பாதி பாதியாகப் பிரித்தால் அப்புறம் அது யாருடைய பழியும் இல்லாமல் ஆகிவிடும். டீச்சரின் கட்டைவிரலுக்கு யாராவது ஒரு ஆள் முழுசாகப் பதில் சொல்ல வேண்டும்.

அது மாத்திரமா? இதே விசேஷம் உன் கண் முன்னாலேயே ஒரு தடவை வந்தது. முதல் வருடம், பிரேதக்கூடத்தில் ஓரத்து மேசை. ஒரு பெரியவரின் உடல். அக்குளைத் திறந்தபோது ஒரு தமனிக்குப் பதில் இரண்டு தமனி இறங்கியது. நீ என்னைக் கூப்பிட்டாய். நான் எல்லாப் பிள்ளைகளையும் அந்த மேசையைச் சுற்றி நிற்க வைத்து, இது எங்கே பிரிகிறது, எந்த நரம்பின் முன்னால் போகிறது, அறுவை செய்கிறவர் இதை எதாக நினைத்து ஏமாறுவார், முழங்கை மடிப்பில் இது தோலுக்கு அடியிலேயே கிடந்தால் சிரை என்று நினைத்து ஊசி போட்டு எப்படி விரல்கள் அழுகிப்போகும் என்று தொண்டை வறளச் சொன்னேன். முடித்ததும் கேள்வி உண்டா என்றேன். நீ கை தூக்கினாய். "பரீட்சைக்கு வருமா மேடம்?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வராது என்றேன். வராதுதான், ஏனென்றால் அப்படிப்பட்ட மேசையைப் பரீட்சையன்று ஓரமாகத் தள்ளிவிட்டு, புத்தகத்தில் உள்ளபடி இருக்கிற உடலைத்தான் நடுவில் போடுவோம். எந்தக் கல்லூரியிலும் அதுதான் வழக்கம். நீ இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாய். பரீட்சைக்கு வரவில்லை, ஐப்பசியில் வந்தது.

உன் மேசை எப்போதும் சுத்தமாக இருக்கும். மற்ற பிள்ளைகள் அறுத்த அக்குளைப் பார்த்தால் நாய் கடித்துப் போட்டது மாதிரி இருக்கும், உன்னுடையதில் தமனி மட்டும் தனியாக, பளிச்சென்று நிற்கும். எனக்குப் பெருமை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தச் சுத்தம் எப்படி வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். தமனி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிரைகளை முதலிலேயே வெட்டி எடுத்துவிடு என்று செய்முறைப் புத்தகமே சொல்கிறது. எல்லாரும் எடுப்பார்கள். உயிரோடு இருக்கிற ஆளுக்கு அப்படி எடுத்து வாளியில் போட முடியாது. அங்கே எல்லாம் இருக்கும், எல்லாவற்றிலும் ரத்தம் ஓடும். ஒரு சிரை இருக்க வேண்டிய இடத்தில் சிலருக்கு இரண்டு ஓடும். கீழே ஓடுவதைப் பெரிய சிரை என்று நினைத்து அதோடு நிறுத்தினால் மேலே இருக்கிற புற்றுக் கட்டிகள் உள்ளேயே தங்கிவிடும். அதைக் கிளை என்று நினைத்துக் கட்டிவிட்டால் கை வீங்கும். ஆபரேஷன் விளக்குக்குக் கீழேயும் அந்த மேசையின் சுத்தம் இருக்கும் என்று நீ எதிர்பார்த்துவிட்டாய்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று சொல்கிறேன், இதை நிதானமாகப் படி. தெரியாத குழாயை வெட்டியது உன் தப்பு இல்லை. அதை யாரும் வெட்டுவார்கள். உன் சீஃபும் ஒரு காலத்தில் வெட்டியிருப்பார், கேட்டால் சொல்ல மாட்டார். ரத்தம் பொங்கியதும் கண்ணால் பார்க்காமல் கிளாம்ப் போட்டாயே, அதுதான் தப்பு. நீ நாலாவது படிக்கும்போது நம் வயலில் கரை உடைந்தது ஞாபகம் இருக்கிறதா? சம்பா நட்டு முடித்திருந்தோம், விடாத மழை, வாய்க்கால் தளும்பி நின்றது. ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு உடைப்பு. தண்ணீர் நாற்றையெல்லாம் உருட்டிக்கொண்டு உள்ளே போகிறது. நீ அழுதுகொண்டே கை கையாக மண்ணை அள்ளி வீசினாய். வீசியதையெல்லாம் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனது. உன் அப்பா இறங்கி, உடைப்பில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டார். கழுத்துவரை சேற்றுத் தண்ணீர். அங்கிருந்துகொண்டு உன்னைப் பார்த்து, "ஏலே, மண்ணப் போடாத. மொதல்ல அடச்சிக்கிட்டு நிக்கணும். அப்பறம் வைக்கோல் கட்டு வரட்டும், பாத்துப் போடலாம்" என்றார். தண்ணீர் நின்றது. வைக்கோல் வந்தது. பாதி நாற்று தப்பியது. சீஃப் விரலை வைத்து அழுத்தினார் என்று நீ சொன்னபோது எனக்கு உன் அப்பாவின் முதுகுதான் ஞாபகத்துக்கு வந்தது. நீ பார்க்காததை உன்னிடம் எதிர்பார்க்கவில்லை. இது நீ நேரில் நின்று பார்த்தது.

சரி, இது படித்துத் திருந்தக்கூடிய தப்பு. திருந்த முடியாதது அதற்கு அப்புறம் நீ செய்தது. ஆபரேஷன் ஆன மறுநாள் ஒரு தடவை வார்டுக்குப் போனாய், காயத்துக் கட்டைப் பார்த்தாய், டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் திரும்பினாய். பிறகு போகவே இல்லை. "உள்ள ரத்தக்கொழா வேற மாதிரி இருந்துச்சும்மா, அதான் கையில கொஞ்சம் பலவீனம்" என்று சீஃப்தான் அவரிடம் சொன்னார். நீ டியூட்டி மாற்றிக்கொண்டாய். பரீட்சை எழுதித் தேறினாய். காரைக்கால் கடைத்தெருவுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டாய். நான் கடைக்குப் போகச் சொன்னால் உன் அப்பாவை அனுப்பினாய். இந்த ஊர் எவ்வளவு பெரிய ஊர், தம்பி? நம் நெரவியில் தும்மினால் வரிச்சிக்குடியில் கேட்கும். எத்தனை நாளைக்கு ஒரு கணக்கு டீச்சரிடமிருந்து ஒளிந்து திரிவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பெங்களூர் வரைக்கும் என்றாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மாங்கனித் திருவிழாவில் சாமிக்குப் பழம் இறைத்த அன்று நான் கோயில் வீதிக்குப் போயிருந்தேன். கூட்டம் தெரியும்தானே, சாமி வருவதற்கு முன்பே மூச்சு முட்டியது. மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கிறது, கீழே ஆளாளுக்குக் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். ஒரு வீட்டு மாடியில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அது அவருடைய நாத்தனார் வீடாம். முடி இப்போதுதான் குட்டையாக வளர்ந்திருக்கிறது, மருந்து எல்லாம் முடிந்த முகம். வேண்டுதல் போலிருக்கிறது, ஒரு கூடைப் பழம் பக்கத்தில் இருந்தது. வலது கையால் ஒரு பழத்தை எடுத்து ஓங்கினார். பழம் கட்டைவிரலிலிருந்து நழுவிச் சுவரோரமாகவே தொப்பென்று விழுந்தது. இன்னொன்று எடுத்தார், அதுவும் அப்படியே. கீழே நின்ற பையன்கள், "டீச்சர், எங்களுக்கா சாமிக்கா?" என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"டாக்டரம்மா! அங்க நின்னு நசுங்காதீங்க, மேல வாங்க" என்றார். போகாமல் இருந்திருக்கலாம். நீ என் இடத்தில் இருந்தால் போயிருக்க மாட்டாய். நான் போனேன்.

"பாத்தீங்களா என் எறிய? சாமிக்குப் போட்டா சொவத்துக்குப் போவுது."

"இடது கையால போடலாமே டீச்சர்."

"சாமிக்கு எடது கையாலயா? நல்லாருக்கே நீங்க சொல்றது!" என்று இன்னொரு பழத்தை வலது கையில் எடுத்து, இடது கையால் அந்தக் கட்டைவிரலை மடக்கி வைத்து, வீசினார். இந்தத் தடவை பழம் சப்பரம் வரைக்கும் போகவில்லை என்றாலும் வீதி நடுவுக்குப் போய்விட்டது. யாரோ பிடித்துக்கொண்டார்கள். டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சாமி தாண்டிப் போனதும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டேன். "போர்டுல எழுதுறேன் டாக்டரம்மா. பாதிப் பீரியடு தாங்குது. அப்பறம் வெரல் கழண்டுக்கும், பசங்கள வந்து எழுதச் சொல்லிடுவேன். பின்னம் போடுறப்பதான் நடுக் கோடு நேரா வராது. வீட்டுக்காரரு சொல்றாரு, நீ இனிமே முழு எண்ணு மட்டும் நடத்துன்னு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் அதே குரலில், பஸ் தாமதம் என்று சொல்கிற மாதிரி, "இந்தப் பக்கமும் வந்துடுச்சு" என்று இடது மார்பைத் தொட்டுக் காட்டினார். "செக்கப்புக்குப் போனப்ப பாத்தாங்க. சின்னதுதானாம். அடுத்த வியாழக்கெழம எடுக்குறாங்க. இந்தப் பக்க அக்குளையும் தொறக்கணுமாம்."

 ஆறுதல் சொல்வது எனக்கு என்றைக்குமே வராது, நான் பார்த்த ஆட்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. அதனால் தெரிந்ததைச் செய்தேன். ரத்தம் எடுப்பது, ஊசி போடுவதெல்லாம் எந்தக் கையில் என்று கேட்டேன். "எடது கையிலதான். வலது பக்கம் கட்டியெல்லாம் எடுத்ததால அந்தக் கையில குத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கல்ல?" என்றார். கையை நீட்டச் சொன்னேன். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, உள்பக்கமாக, இரண்டு விரலை வைத்தேன். அழுத்தவே தேவையில்லை. தோலுக்கு நேர் கீழே, தொட்ட மாத்திரத்தில், அது அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவ்வளவு மேலாக ஓட வேண்டிய குழாய் இல்லை அது. கீழே முழங்கை மடிப்பு வரைக்கும் விரலாலேயே தொடர்ந்து போனேன். ஊசி குத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே போகிறது. இத்தனை நாள் யார் கையும் தவறாமல் இருந்ததே பெரிய காரியம்.

தம்பி, நான் எத்தனை அக்குளைத் திறந்திருப்பேன்! இந்த மாதிரி மாறிப்போன குழாய்களை எத்தனை தடவை இடுக்கியால் தூக்கிப் பிடித்துக் காட்டியிருப்பேன்! எல்லாம் பச்சை நூல் மாதிரி, ரப்பர் மாதிரி, அசையாமல் கிடந்தவை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒன்று என் விரலுக்கு அடியில் துடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டீச்சர் நம்பினாரா என்று தெரியவில்லை.

"என்ன டாக்டரம்மா, கையில என்ன இருக்கு?"

சொன்னேன். இந்தக் கையிலும் குழாய் வேறு மாதிரி இருப்பதாகத் தெரிகிறது, இனிமேல் ஊசி போட யார் வந்தாலும் முதலில் தொட்டுப் பார்த்துத் துடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், துடித்தால் அங்கே குத்த விடாதீர்கள் என்றேன். அக்குளில் எங்கே பிரிகிறது என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றும் சொன்னேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டார். அப்புறம், "உங்க பையன் எங்க இருக்காரு?" என்றார்.

"வீட்லதான். வெளியூர் போறான், வேலைக்கு."

"வியாழக்கெழம அவர வரச் சொல்றீங்களா?"

காதில் விழுந்ததை நம்பாமல், எதற்கு என்று கேட்டேன்.

"என் கைக்குள்ள எப்படி இருக்குன்னு பாத்த ஆளு அவரும் பெரிய டாக்டரும்தானே. பெரிய டாக்டரு எல்லாரையும் பாக்குறவரு, என்ன ஞாபகம் வச்சிருப்பாரா? இந்தத் தம்பி மறந்திருக்க மாட்டாரு."

மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "இந்தப் பக்கம் வேற மாதிரி இருக்கலாம் டீச்சர், ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு சட்டமில்ல" என்றேன்.

"இருக்கட்டுமே. வேற மாதிரியும் இருக்கும்னு அவருக்கு இப்பத் தெரியும்ல?"

அன்று சாயங்காலமே உன்னிடம் சொல்ல வந்தேன். "டீச்சர்" என்று ஆரம்பித்ததுமே தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாய். அதனால் உன் சீஃபுக்குப் போன் செய்தேன். அவர் மறுநாளே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடது பக்கமும் தமனி அக்குளிலேயே பிரிகிறது, வலது பக்கத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில். போதாததற்குச் சிரையும் இரண்டு. கேட்டுக்கொள், இரண்டு. டீச்சருக்குப் புத்தகமே பிடிக்காது போல. சீஃபிடம் நீ வருவதைப் பற்றியும் கேட்டேன். "வந்தா என் எதிர்ல நிக்கட்டும், எது எதுன்னு ரெண்டு பேருமா பாத்துப் பாத்துப் போவோம். கத்தி யாருகிட்டங்கறத அங்க முடிவு பண்ணிக்கலாம்" என்றார். நீ வரவில்லையென்றால் வேறு ஒரு உதவியாளர் நிற்பார். அவரும் நன்றாகத்தான் செய்வார், நீ இல்லாமல் ஆஸ்பத்திரி நின்றுவிடாது. அப்படியும் ஒரு மிதப்பு உனக்கு வர வேண்டாம்.

உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அதை அவர் கேட்கவும் இல்லை. ஓடாதே என்று உன் காலைப் பிடிக்கவும் இல்லை. பெங்களூர் எங்கேயும் போய்விடாது, வெள்ளிக்கிழமையும் பஸ் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து, அவருக்கு நினைவு வந்து, இடது கட்டைவிரலை அசைத்துக் காட்டியதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் அந்த வேலைதான் வேண்டும் என்றால் போ. பஸ் நிறுத்தத்துக்கு உன் அப்பா கொண்டுவிடுவார், நான் புளிசாதம் கட்டித் தருவேன். ஆனால் இந்தப் புதன்கிழமை நீ ஏறிவிட்டால், உன் மனதில் அந்தக் குழி எப்போதும் ரத்தம் நிறைந்தே இருக்கும். உள்ளே என்ன இருந்தது என்று நீ கடைசிவரை பார்க்காதவனாகவே இருந்துவிடுவாய். எனக்கு அது பயமாக இருக்கிறது. டீச்சரை நினைத்துப் பயப்படுவதைவிட அதிகமாக உன்னை நினைத்துப் பயப்படுகிறேன். என்ன செய்வது, பெற்றுவிட்டேன்.

மாடியிலிருந்து இறங்கும்போது படிக்கட்டில் நின்று டீச்சரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்காமல் வர முடியவில்லை. "அவனையே கூப்பிடுறீங்களே டீச்சர், உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு டாக்டரம்மா. அவருக்கும் பயமா இருக்கும்ல? அப்ப மெதுவாப் பண்ணுவாரு."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோவார்கள். அவர் வெறும் வயிற்றோடு வருவார். நீ சாப்பிட்டுவிட்டுப் போ. இட்லிக்கு மாவு ஆட்டி வைத்திருக்கிறேன்.

அம்மா